இந்தியக் கால்பந்து அணி: அடிக்கடி, அதுவும் கடுப்போடு கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கப்படும் தொனியிலேயே கேள்விகளை இங்கே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பிடிக்காது.

ஆசியக் கோப்பைக்குக்கூடப் போக முடியல. அப்படி என்னதான் நடந்துச்சு?

2027 ஆசியக் கோப்பை சவூதி அரேபியாவில். மொத்தம் 24 அணிகள். 2019, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஆடிய இந்தியா இந்த முறை தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. நம் பிரிவில் இருந்தவை சிங்கப்பூர், ஹாங்காங், வங்கதேசம். ஜப்பானோ ஈரானோ இல்லை. பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே டிக்கெட். குலுக்கல் முடிந்த அன்று "அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு" என்று பேசியவர்கள் பலர்.

2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0. ஜூனில் ஹாங்காங்கில் கூடுதல் நேரத்தில் கோல்கீப்பர் விஷால் கைத் செய்த ஃபவுலுக்குப் பெனால்டி கொடுத்தார்கள், 0-1. அக்டோபரில் சிங்கப்பூரில் 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் 1-1 என்று தப்பித்தோம். ஐந்து நாள் கழித்து கோவாவின் ஃபடோர்டாவில் அதே சிங்கப்பூருடன் மறு ஆட்டம். 14-வது நிமிடத்தில் சாங்தே தூரத்திலிருந்து அடித்து முன்னிலை கொடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன் சிங்கப்பூரின் சாங் உய்-யங் சமன் செய்தார், இரண்டாம் பாதியில் அவரே இன்னொன்றும் போட்டார். 1-2. கதை அங்கேயே முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அதற்கு முன் அவர்களிடம் நாம் கடைசியாகத் தோற்றது 2003-ல்.

அதுவரை ஐந்து ஆட்டம், இரண்டு புள்ளி. ஒரு வெற்றிகூட இல்லை. அதன் பிறகு வந்த ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 142. இரண்டே வருடத்துக்கு முன், 2023-ல், நாம் 99-ல் இருந்தோம்.

அந்த கத்தார் மேட்ச்ல நம்மள ஏமாத்தினாங்க இல்ல? அது மட்டும் நடக்கலன்னா?

ஏமாற்றம் நடந்தது உண்மை. 2024 ஜூன் 11, தோகா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். சாங்தே கோலால் இந்தியா 1-0 முன்னிலை. 73-வது நிமிடம் கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக். தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்துவிட்டார். பந்து உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. குர்ப்ரீத் கீழே கிடக்கிறார், ஆட்டம் நின்றுவிட்டது என்ற நினைப்பில் நம் ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள். கத்தார் வீரர் ஒருவர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துப் போட, யூசுஃப் அய்மன் தட்டிவிட்டார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. நம் வீரர்கள் கத்தினார்கள், கெஞ்சினார்கள், ஒன்றும் ஆகவில்லை. 85-வது நிமிடத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது.

இன்றும் அந்தக் காட்சியைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற கட்டத்துக்கு நாம் ஏன் வந்தோம்? அதற்கு இரண்டரை மாதம் முன் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். அது சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேச ஆட்டம். நம்முடைய கோலைப் போட்டவரும் அவர்தான், பெனால்டியில். ஆப்கன் அணியோ தங்கள் சம்மேளனத்துடன் சண்டை போட்டு முன்னணி வீரர்கள் பலர் வர மறுத்த நிலையில் ஆடியது. அந்த ஆட்டத்தில் ஒரு டிரா எடுத்திருந்தால்கூடக் கணக்கு வேறு. தோகா நடுவர் நம்மிடமிருந்து ஒரு ஆட்டத்தைப் பறித்தார். குவாஹாட்டியில் நாமே தாரை வார்த்தோம். ரசிகர்கள் முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

2024-ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையாமே?

ஆமாம். 11 ஆட்டம், வெற்றி பூஜ்யம். அந்த ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூவரிடமும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை. செப்டம்பரில் ஹைதராபாத்தில் நாமே நடத்திய போட்டியில் மொரிஷியஸுடன் 0-0.

கோச்தானே பிரச்சினை? நல்ல கோச் வந்தா சரியாகிடாதா?

ஹௌட்டன், கொலாசோ, மெதேரா, கூவர்மன்ஸ், கான்ஸ்டன்டைன், ஸ்டிமாச், மார்க்வெஸ், இப்போது காலித் ஜமீல். 15 வருடத்தில் இத்தனை பேர். ஆங்கிலேயர், டச்சுக்காரர், குரோஷியர், ஸ்பானியர், நம்மூர்க்காரர் என்று எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று.

ஸ்டிமாச்சைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஐந்து வருடம் இருந்தும் சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அவரை அனுப்பிய விதத்தைப் பாருங்கள். 2023 அக்டோபரில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள். 2024 ஜூனில் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் வழக்குப் போடுவேன் என்று மிரட்ட, பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார்கள். நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். வயதுப் பிரிவுப் போட்டி நடத்தக் காசில்லை என்று சொல்லும் சம்மேளனம் இது.

அடுத்து மானோலோ மார்க்வெஸ். நல்ல பயிற்சியாளர், ஹைதராபாத்தை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன் ஆக்கியவர். ஆனால் அவர் அப்போது எஃப்சி கோவாவுக்கும் கோச். பகலில் கிளப், இரவில் தேசிய அணி என்று அவரை ஒரு சீசன் முழுக்க ஓட்டினார்கள். எட்டு ஆட்டத்தில் மாலத்தீவை மட்டும் ஜெயித்தார். அந்த ஆட்டத்துக்கும், ஓய்வு பெற்றுப் போன 40 வயது சேத்ரியைத் திரும்ப அழைத்து வர வேண்டியிருந்தது, அவர்தான் ஒரு கோலும் போட்டார். 2025 ஜூலையில் மானோலோ போனார்.

2025 ஆகஸ்டில் வந்த காலித் ஜமீல், 2012-க்குப் பிறகு முதல் முழுநேர இந்தியப் பயிற்சியாளர். வந்த வேகத்தில் மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை ஜெயித்து, ஓமனைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி மூன்றாம் இடம் பிடித்தார். அடுத்த மாதமே சிங்கப்பூர். அவருக்குக் கிடைத்த வீரர்களில் பெரும்பாலோர் அப்போது லீக் ஆட்டம் ஆடிப் பல மாதம் ஆகியிருந்தது. ஏன் என்பதற்கு இரண்டு கேள்வி தள்ளி வருகிறேன்.

டீம் செலக்‌ஷனுக்கு ஜோசியர் வெச்சாங்கன்னு சொல்றது நிஜமா, மீமா?

நிஜம். 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தபோது வீரர்களின் பட்டியல் ஜோதிடர் ஒருவருக்குப் போனதும், யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் 2023 செப்டம்பரில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் விவரமாக வெளிவந்தது. ஆப்கானிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று ஜெயித்தது என்பது வேறு விஷயம். ஜெயித்தால் கிரகம், தோற்றால் மைதானத்தின் புல்.

அடுத்த மீமையும் இங்கேயே முடித்துவிடுகிறேன்: ஸ்பெயினின் ஸாவி இந்தியப் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார், கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டோம் என்ற செய்தி 2025 ஜூலையில் வந்தது. பிறகு அந்த மின்னஞ்சலே போலி என்று ஆனது. பார்சிலோனா நாயகன் பெயரில் வந்த மெயிலை ஒரு போன் போட்டுச் சரிபார்க்க அலுவலகத்தில் ஆளில்லை.

சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே எப்படி வந்தார்? முன்னாள் வீரர்தானே, அவருமா?

இதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 1937-ல் தொடங்கியது. 1988-லிருந்து 2008 வரை பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி தலைவர். அவர் உடல்நலம் குன்றியதும் பிரஃபுல் படேல் வந்தார், 2022 வரை இருந்தார். இரண்டு அரசியல்வாதிகள், 34 வருடம். படேலின் மூன்றாவது பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. புதிய சட்டவிதி வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது என்று காரணம் சொல்லித் தேர்தல் நடத்தாமலே நாற்காலியில் தொடர்ந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை இறக்கிவிட்டு நிர்வாகிகள் குழு ஒன்றை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று ஃபிஃபா அந்த ஆகஸ்டில், சுதந்திர தினத்தை ஒட்டி, இந்தியாவைத் தடை செய்தது. 11 நாளில் தடை நீங்கியது. செப்டம்பர் 2-ல் தேர்தல்.

போட்டி இருவருக்குள். ஒருவர் பைச்சுங் பூட்டியா. இந்தியக் கால்பந்து தெரியாதவர்கள்கூட அறிந்த பெயர், பல வருடம் நாட்டுக்காக ஆடியவர். இன்னொருவர் கல்யாண் சௌபே. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் கோல்கீப்பராக இருந்தவர், பாஜக சார்பில் மேற்கு வங்கத்தில் தேர்தலில் நின்று தோற்றவர். முடிவு 33-1. அந்த ஒரு ஓட்டு பூட்டியாவுக்கு.

ரசிகர்களுக்கு ஓட்டிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டு மாநிலச் சங்கங்களுக்கு மட்டுமே. "முன்னாள் வீரர் தலைவராகிவிட்டார்" என்று அன்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். 33 சங்கம் ஒரே பக்கம் சாய்வது கால்பந்து அறிவைப் பார்த்து அல்ல. யாரோ எங்கிருந்தோ சொல்லி விழுந்த ஓட்டு அது என்று பூட்டியாவும் சொன்னார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்த வருடமே பொதுச்செயலாளர் ஷாஜி பிரபாகரனை நம்பிக்கைத் துரோகம் என்று சொல்லி நீக்கினார்கள். ஸ்டிமாச் போகும்போது, சௌபே சீக்கிரம் பதவி விலகினால் இந்தியக் கால்பந்துக்கு நல்லது என்று பேட்டி கொடுத்துவிட்டுப் போனார்.

2023 ஜனவரியில் 'விஷன் 2047' என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். 2047-க்குள் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக வேண்டுமாம். அப்போது இருக்கப்போவது யாரோ, அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

லீக் ஏன் நின்னுச்சு? ஐஎஸ்எல் கோடிக்கணக்குல ஓடுதுன்னு சொன்னாங்களே?

தேசிய அணியின் தோல்வியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2010-ல் சம்மேளனம் தன் வணிக உரிமை முழுவதையும் 15 வருடத்துக்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய், கடைசிக் கட்டத்தில் வருடத்துக்கு 50 கோடி. அந்தப் பணத்தில்தான் சம்மேளனமே நடந்தது. அந்தக் குழுமத்தின் நிறுவனம்தான் 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8 என்று 2010-லேயே எழுதியிருந்தது. 15 வருடம் முன்பே தெரிந்த தேதி! புதுப்பிப்பதா, வேறு ஆளைத் தேடுவதா, சொந்தமாக நடத்துவதா என்று 2024-லாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா?

பேசவில்லை. 2025 ஜூலையில் லீக் நடத்தும் நிறுவனம், டிசம்பருக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் சீசனைத் தொடங்க முடியாது என்று கையை விரித்தது. அடுத்த சில வாரத்தில் பெங்களூரு எஃப்சியும் நம் சென்னையின் எஃப்சியும் செலவுகளை நிறுத்திவைத்தன, சம்பளம் நின்றது. ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும், அக்டோபர் 30-க்குள் புதிய சட்டவிதியை ஏற்காவிட்டால் மறுபடி தடை என்று கடிதம் எழுதின. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிதிக்கு ஒப்புதல் தந்தது, அக்டோபரில் அதை ஏற்றார்கள். பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை.

2026 ஜனவரியில் சேத்ரி, குர்ப்ரீத், ஜிங்கன் எல்லாரும் சேர்ந்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவைக் கேட்டு வீடியோ போட்டார்கள். ஒரு நாட்டின் தேசிய அணி வீரர்கள் சொந்தச் சம்மேளனத்தைத் தாண்டி வெளியே உதவி கேட்கிறார்கள். கடைசியில் விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14-ல் 14 அணிகளோடு, ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு முறை மோதும் சுருங்கிய லீக் தொடங்கியது.

இப்போது அக்டோபர் சிங்கப்பூர் ஆட்டத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதற்கு காலித் ஜமீலின் வியூகம் மட்டுமா காரணம்?

140 கோடி பேர்ல 11 பேர் தேற மாட்டாங்களா?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். மக்கள்தொகை கால்பந்து ஆடாது. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற குராசோ தீவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். நம்மூரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு.

எத்தனை பையன்கள் 12 வயதிலிருந்து 19 வயது வரை, வருடத்துக்கு 35-40 நல்ல ஆட்டம், தகுதியான கோச்சிடம், ஒரே இடத்தில் தொடர்ந்து ஆடுகிறார்கள் என்பதுதான் எண்ண வேண்டிய எண். இந்தியாவில் அது 140 கோடிக்குப் பக்கத்தில்கூட வராது. மிஜோரம், மணிப்பூர், கேரளா, கோவா, வங்காளம், பஞ்சாப் என்று சில பகுதிகளுக்குள் சுருங்கிவிடும். அங்கேயும் பெரும்பாலான இளைஞர் போட்டிகள் ஓர் ஊரில் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் ஆடி முடித்து, சான்றிதழோடு அனுப்பிவிடும் ரகம்.

உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். அவர்களும் பல முறை உலகக் கோப்பை வாசலில் வந்து திரும்பியவர்கள். ஊர் ஊராக அகாடமி கட்டினார்கள், இளைஞர் அணியை அப்படியே மேலே கொண்டுவந்தார்கள். 2023-ல் 20 வயதுக்குட்பட்ட ஆசியக் கோப்பையை ஜெயித்தார்கள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆடினார்கள், 2026 உலகக் கோப்பைக்கு முதல் முறையாகப் போய்விட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? 2017-ல் 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை இந்தியாவில் நடத்தினோம். 13 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்தது, ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியாவின் முதல் கோல். அந்தப் பையன்களை ஒன்றாக வைத்து, இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் ஆடவிட 'இந்தியன் ஏரோஸ்' என்று ஓர் அணி இருந்தது. 2022-ல் அதையும் இழுத்து மூடினார்கள்.

இன்னொன்று, ஸ்ட்ரைக்கர் பஞ்சம். ஐஎஸ்எல் தொடங்கியபோது ஒரு அணியில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம். பிறகு ஐந்து, 2021-லிருந்து நான்கு. கிளப் முதலாளி அந்த இடங்களை எதற்குப் பயன்படுத்துவார்? கோல் அடிக்க ஒருவர், நடுவில் ஆட்டத்தை ஓட்ட ஒருவர், தடுப்பில் ஒருவர். அணியின் முதுகெலும்பு முழுக்க வெளியூர் ஆள். இந்தியப் பையன்கள் விங்கில் ஓடுகிறார்கள். அதனால்தான் நம்மிடம் நல்ல விங்கர்கள் இருக்கிறார்கள், பெட்டிக்குள் நின்று பந்தை உள்ளே தள்ளும் ஆள் இல்லை. கிளப்பில் ஒன்பதாம் எண்ணில் ஆடாதவன் தேசிய அணியில் எப்படி ஆடுவான்? சேத்ரி 95 கோலோடு நிற்கிறார். அவருக்கு அடுத்தவரைத் தேட யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுல இருக்கிற இந்திய வம்சாவளி வீரர்களைக் கூட்டிட்டு வரலாமே? வங்கதேசம் ஹம்சாவைக் கூட்டிட்டு வந்த மாதிரி?

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்பில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி வங்கதேசத்துக்காக முதல் ஆட்டம் ஆடியதே நமக்கு எதிராகத்தான், ஷில்லாங்கில். அவர் வந்ததும் அந்த அணியின் நடையே மாறிவிட்டது. நம் சிக்கல் சட்டம்: இரட்டைக் குடியுரிமை கிடையாது, இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆடலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2025-ல் தன் குடியுரிமையையே விட்டுக்கொடுத்து இந்தியரானார். எத்தனை பேர் அப்படி வருவார்கள்? ஒன்றிரண்டு பேர் வந்தால் உதவும்தான். மற்ற ஓட்டைகளை அது அடைக்காது.

1950-ல ஷூ போட மாட்டோம்னு சொன்னதாலதான் உலகக் கோப்பைக்குப் போகலையா?

நல்ல கதை, ஆனால் கதைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பலர் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது உண்மை. 1950 பிரேசிலுக்கு, பிரிவில் மற்றவர்கள் விலகியதால் அழைப்பு வந்தது. பயணச் செலவில் பெரும்பங்கை பிரேசில் ஏற்கத் தயாராகவே இருந்தது. நம் சம்மேளனத்துக்கு அன்று ஒலிம்பிக்ஸ்தான் பெரிது. உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. தப்பான முடிவை எடுத்தது அலுவலகம், பழி விழுந்தது வீரர்களின் பாதத்தில். இந்த வழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அந்த வெறுங்கால் தலைமுறைதான் 1951 ஆசிய விளையாட்டில் ஈரானை ஜெயித்துத் தங்கம் வாங்கியது. ரஹீம் சாஹிபின் பயிற்சியில் 1956 மெல்போர்னில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மறுபடி தங்கம்.

நம்ம தமிழ்நாட்டுக்கு இதுல என்ன பங்கு?

நிறைய உண்டு, பேசுவதுதான் குறைவு. ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் யாருடையது? 1960 ரோம், பெருவுக்கு எதிராக, தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக்ஸுக்கே தகுதி பெறவில்லை. 1973-ல் கேரளா முதல் முறை, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி வாங்கியபோது கோச்சும் அவர்தான். மலையாளிகள் அவரைக் கொண்டாடுகிறார்கள். ஜகார்த்தா தங்க அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடி வளர்ந்தவர்.

இப்போதும் வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகர், குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்று இந்திய ஜெர்சி போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சோகக் கதையும் நம்மிடம் உண்டு. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய லீகில் தமிழ்நாட்டு அணி முதலிடம். இரண்டே சீசனில் அந்த அணி காணாமல் போனது. ஐஎஸ்எல்தான் முதல் லீக் என்று ஆனதும் ஐ-லீகை ஜெயித்தாலும் மேலே போக வழியில்லை, கீழே பணம் இல்லை. பஞ்சாபும் கோகுலமும் எப்படியோ தாக்குப்பிடித்தன, கோவை விழுந்துவிட்டது. தேசிய அணி ஏன் தோற்கிறது என்று டெல்லியைப் பார்த்துக் கேட்பவர்கள் இதையும் கேட்கலாம்.

பெண்கள் அணி எப்படி?

ஆண்கள் தலைகுனிந்த அதே 2025-ல் இவர்கள் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி அந்தப் போட்டிக்குள் இந்தியா நுழைந்தது அதுவே முதல் முறை. 2022-ல் இந்தியாவே நடத்தியபோது அணிக்குள் கொரோனா பரவி ஆட முடியாமல் விலகியவர்கள் இவர்கள். எத்தனை பேர் அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தோம்?

ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வராததுதான் காரணம்னு சிலர் சொல்றாங்களே?

அதற்கு 2018-லேயே பதில் கொடுத்துவிட்டோம். மும்பையில் சீன தைபேவை 5-0 என்று ஜெயித்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று சேத்ரி வீடியோ போட்டார். இரண்டு நாள் கழித்து கென்யாவுடன் அவருடைய நூறாவது ஆட்டம்; மழையிலும் டிக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. 2024 ஜூனில் அவர் விடைபெற்றபோது கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியம் நிரம்பியது. கூப்பிட்டால் வருகிறோம். வந்த பிறகு என்ன காட்டுகிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு.

சொந்த டீமை மைதானத்துல கூச்சல் போட்டுத் திட்டுறது துரோகம் இல்லையா?

இல்லை. டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. 22 வயசுப் பையனின் இன்ஸ்டாகிராமில் போய் அவன் அம்மாவைத் திட்டுவது வேறு, அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஹாங்காங் ஆட்டத்தில் எளிய வாய்ப்பைத் தவறவிட்ட ஆஷிக் குருனியனுக்கு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்போ கோபத்தை யார்கிட்டதான் காட்டுறது?

ஓட்டு வைத்திருப்பவர்களிடம். சௌபே நிர்வாகம் 2026 செப்டம்பர் வரை தொடரலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் விட்டது. புதிய சட்டவிதிப்படி பொதுக்குழுவில் முன்னாள் வீரர் வீராங்கனைகள் 15 பேருக்கும் ஓட்டு உண்டு. அது நல்ல மாற்றம், ஆனாலும் பெரும்பான்மை மாநிலச் சங்கங்கள் கையில்தான். ஸ்டிமாச் ஒழிக என்று பேனர் பிடித்த நமக்கு நம் மாநிலச் சங்கத் தலைவர் பெயர் தெரியுமா? அவர் போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார், இந்த முறை யாருக்குப் போடப்போகிறார்? உங்கள் மாவட்டத்தில் 13 வயதுப் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் போன வருடம் எத்தனை லீக் ஆட்டம் நடந்தது? மாவட்டச் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள், உள்ளூர் பத்திரிகை நிருபரையும் கேட்கச் சொல்லுங்கள்.